புதுப் பையன்களுக்கு ஜோடி போட்ட தம்பிதுரை

தம்பிதுரைக்கு இடது காது கேட்காது. பிறவிக் குறை அல்ல. 1934ஆம் வருஷம் ஜூலை மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி வரைக்கும் அந்தக் காது நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

காங்கேயத்துக்குக் கிழக்கே, மழையை நம்பிச் சோளம் விதைக்கிற காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை அவன். அவனுடைய அய்யன் காளைக் கன்றுகளை வளர்த்து, வண்டிக்கும் ஏருக்கும் பழக்கிச் சந்தைக்கு அனுப்புகிறவர். பதினாலு வயதிலேயே முரட்டுக் காளையின் மூக்கணாங்கயிற்றை ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்துகிற பலம் தம்பிதுரைக்கு வந்துவிட்டது. படிப்பும் வந்தது. அந்த வீட்டில் பள்ளி இறுதிப் பரீட்சை தேறிய முதல் ஆள் அவன்தான். கோயமுத்தூர் காலேஜில் இடம் கிடைத்தபோது அவனுடைய ஆத்தா தெய்வாத்தாள் டிரங்குப் பெட்டியில் நாலு வேட்டியும் ஒரு டப்பா நிறையக் கச்சாயப் பலகாரமும் வைத்துக் கொடுத்தாள்.

"எல்லார்கிட்டயும் மருவாதியாப் பேசு கண்ணு. கெட்ட பேரு வாங்கிப்போடாதே" என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த மரியாதைதான் அவன் காதைக் கெடுத்தது.

காலேஜ் நகரத்தின் தெற்குப் பக்கம் இருந்தது. இரண்டு வருஷ இன்டர்மீடியட் படிப்பு மட்டும். ஹாஸ்டலில் முப்பது பையன்கள் இருப்பார்கள். ஹாஸ்டலுக்குப் பின்னால் ஒரு பழைய தோட்டத்துக் கிணறு. ஒரு காலத்தில் மாடு பூட்டிக் கவலை இறைத்துத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். உள்சுவரை ஒட்டிக் கல்படிகள் இறங்கும். வார்டன் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமி கும்பிட ஊருக்குள் போனால் பத்து மணிக்குத்தான் திரும்புவார். ஜூலை முதல் ஞாயிறன்று அவர் தலை மறைந்ததும் இரண்டாம் வருஷத்துக்காரர்கள் புதுப் பையன்களைக் கிணற்றடிக்கு ஓட்டிக்கொண்டு போவார்கள். அதற்குக் குளிப்பாட்டு என்று பெயர். கோவணத்தோடு நிற்க வேண்டும். கேட்ட கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். தப்பினால் நனைத்து முறுக்கிய துண்டால் முதுகில் அடி. கடைசியில் இரண்டு இரண்டு பேராக வடக்கயிற்றில் கட்டி உள்ளே இறக்கி, மூச்சு முட்டும்வரை முக்கி எடுப்பார்கள்.

அந்த வருஷம் ஹாக்கி கேப்டன் கோவிந்தராஜுலுதான் எல்லாவற்றுக்கும் தலைவன். அவன் தம்பிதுரையிடம் பெயர் கேட்டான்.

"தம்பிதுரைங்க."

கன்னத்தில் அறை விழுந்தது.

"இங்க 'ங்க' கிடையாது. சார்னு சொல்லு."

"சரிங்க."

இன்னொரு அறை. பிறந்ததிலிருந்து நாக்கோடு ஒட்டிக்கொண்டிருந்த சொல் அது. பயத்தில் இன்னும் கூடுதலாக வந்தது. "இல்லீங்க", "தெரியாமச் சொல்லிப்போட்டனுங்க" என்று ஒவ்வொன்றாக வர, ஒவ்வொன்றுக்கும் அறை விழுந்தது. ஏழாவது அறை உள்ளங்கையைக் குவித்துக் காதோடு சேர்த்து விழுந்தது. உள்ளே ஏதோ கிழிந்தது. ரத்தம் தோளில் சொட்டியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு வலது பக்கத்தில் மட்டும் கேட்டது.

அப்படியே கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அதே கயிற்றில் அவனோடு கட்டப்பட்டவன் உடுமலைப் பக்கத்துத் திருமூர்த்தி. அவனுடைய அறைத் தோழன். ஆறு முறை முக்கி எடுத்தார்கள். மேலே வந்ததும் திருமூர்த்தி வாந்தி எடுத்தான். பிறகு அறைக்குப் போய் இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். அழுது முடித்துவிட்டுத் திருமூர்த்தி சொன்னான்:

"அடுத்த வருசம் அந்தத் துண்டு நம்ம கையில இருக்கும்டா. பாத்துக்கலாம்."

தம்பிதுரை தலையாட்டினான். அந்த வருஷம் முழுவதும் அவன் வகுப்பில் பாதிப் பாடத்தைத் தவற விட்டான். இடது பக்கம் நின்று வாத்தியார் பேசினால் வாய் அசைவதுதான் தெரிந்தது. காது போனதை அவன் வீட்டில் சொல்லவில்லை. துண்டு கைக்கு வரப்போகிற நாளை நினைத்துக்கொண்டே நாளைக் கடத்தினான்.

அடுத்த ஜூலை வந்தது. துண்டும் வந்தது.

அந்த வருஷப் புதுப் பையன்களில் பல்லடம் பக்கத்திலிருந்து வந்த கோபாலசாமி என்று ஒருவன். மெலிந்த தேகம், கனத்த குரல். சட்டையைக் கழற்றச் சொன்னபோது மற்றவர்கள் கழற்றினார்கள். அவன் மட்டும் நின்றான்.

"ஏனுங்க, எதுக்குங்க கழட்டோணும்?" என்று கேட்டான். திமிராகக் கேட்கவில்லை. காரணம் தெரிந்தால் கழற்றிவிடலாம் என்பதுபோல அமைதியாகக் கேட்டான்.

அந்த 'ங்க' தம்பிதுரையின் நல்ல காதில் விழுந்தது. துண்டை வீசினான். அடி தோளில் சுருண்டு விழுந்தது. மறுபடி வீசினான். அடிக்க அடிக்கக் கை லேசாகிக்கொண்டே போயிற்று. ஒரு வருஷமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்த ஒன்று திறந்துகொண்டதுபோல இருந்தது. பக்கத்தில் திருமூர்த்தி எண்ணிக்கொண்டிருந்தான். இருபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டுக் கைதட்டினான். கோபாலசாமி கீழே விழவும் இல்லை, சட்டையைக் கழற்றவும் இல்லை. தம்பிதுரை துண்டை எறிந்துவிட்டு அவனுடைய வலது கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். கன்றைக் கீழே தள்ளும்போது பிடிக்கிற பிடி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினான்.

காய்ந்த மரவள்ளிக் குச்சி ஒடிவதுபோல ஒரு சத்தம் வந்தது.

கைதட்டல் நின்றது. கோபாலசாமி மண்டியிட்டு விழுந்தான். முழங்கைக்குக் கீழே கை போகக் கூடாத பக்கம் போயிருந்தது. கூட்டம் நாலு பக்கமும் கலைந்து ஓடியது. திருமூர்த்தியும் தம்பிதுரையின் சட்டையைப் பிடித்து இழுத்தான்: "வாடா போயிரலாம். எவனும் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

தம்பிதுரை போகவில்லை. கை ஒடிந்ததைவிட இன்னொன்று அவனைப் பயமுறுத்தியது. சத்தம் வருவதற்கு முந்தைய நொடியில் அவன் சந்தோஷமாக இருந்தான். இப்படி ஒரு சந்தோஷம் அவன் வாழ்நாளில் கண்டதில்லை.

கோபாலசாமியைத் தூக்கிக்கொண்டு சாலைக்கு ஓடி, ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வண்டி குதிக்கும்போதெல்லாம் கோபாலசாமி பல்லைக் கடித்தான். டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். தம்பிதுரை வாயைத் திறப்பதற்குள் கோபாலசாமி பதில் சொன்னான்:

"கெணத்துப் படியில வழுக்கிருச்சுங்க."

கட்டுப் போட்டு வெளியே வந்ததும் தம்பிதுரை அவன் காலில் விழாத குறையாக நின்றான்.

"எம்பேரச் சொல்லாம உட்டியே, நா என்ன கைம்மாறு செய்யறது?"

"உங்குளுக்காகச் சொல்லாம இருக்கலீங்க" என்றான் கோபாலசாமி. முகம் வெளுத்திருந்தது. "அடிச்சுப்போட்டாங்கன்னு தெரிஞ்சா எங்கய்யன் நாளைக்கே வந்து என்னைய ஊட்டுக்கு இழுத்துட்டுப் போயிருவாரு. எனக்குப் படிக்கோணுங்க. கை ஒடிஞ்சது எனக்கு. இந்தக் கை சேர்ற வரைக்கும் எம்பட நோட்டெல்லாம் நீங்கதான் எழுதோணும்."

கேட்டது உதவி அல்ல, கட்டளை. தம்பிதுரை ஒப்புக்கொண்டான்.

அன்றிலிருந்து தினமும் நாலரை மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்துத் தாழ்வாரத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். வகுப்பில் கேட்டதைக் கோபாலசாமி சொல்லச் சொல்லத் தம்பிதுரை எழுதினான். முதல் நாளே ஒரு விஷயம் தெரிந்தது. கோபாலசாமிக்கு இரண்டு காதும் இருந்தும் பாதிதான் பிடிபட்டிருந்தது. வாத்தியார் இங்கிலீஷில் ஓடுகிற ஓட்டத்தில் கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்தவனுக்கு மூச்சு வாங்கியது. போன வருஷம் தானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம், காதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்று தம்பிதுரைக்குப் பட்டது. தன் பழைய நோட்டுகளை எடுத்து வந்தான். தெரிந்ததைச் சொன்னான், தெரியாததை இருவரும் புத்தகத்தில் தேடினார்கள்.

ஒரு வாரத்தில் பக்கத்தில் இன்னொருவன் வந்து உட்கார்ந்தான். ஆடி முடிவதற்குள் ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். கேள்விகள் பாடத்தோடு நிற்கவில்லை. லீவு எப்படிக் கேட்பது? லாபரட்டரியில் கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டால் யாரிடம் சொல்வது? ஒருவன் ஊர் ஞாபகத்தில் நாலு நாளாகச் சாப்பிடவில்லை. அவனைத் தம்பிதுரை தன் பக்கத்தில் உட்காரவைத்து, இலையில் விழுந்ததை அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எழவிடவில்லை. முதுகில் துண்டு அடியின் வரி ஆறாத பையன்கள் அவர்கள். முதலில் அவன் கை தூக்கினாலே ஒதுங்கினார்கள். பக்கம் புரட்டத் தூக்கிய கை என்று தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆயிற்று.

கோபாலசாமியின் கட்டைப் பிரித்தபோது கை கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது. எழுத வந்தது. ஆனாலும் நாலரை மணிக் கூட்டம் கலையவில்லை.

இது திருமூர்த்திக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அறையில் தம்பிதுரையின் நோட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான்.

"நாம பட்டமா இல்லியா? காது போயி, ரத்தங் கக்கி, எல்லாம் பட்டோம். இவனுக மட்டும் மெத்தையில நடந்து வருவானுகளா?"

"பட்டோம். அதுல நமக்கு என்னடா கெடச்சுது?"

"இதுதான் கெடச்சுது" என்று திருமூர்த்தி தன் கையை முஷ்டியாக மடக்கிக் காட்டினான். "நீ அத வித்துப்போட்டே."

அந்த வாரமே அவன் வேறு அறைக்குப் போய்விட்டான்.

மார்ச்சில் பரீட்சை எழுதினார்கள். தம்பிதுரை இங்கிலீஷில் தவறினான். திருமூர்த்தி இரண்டு பாடத்தில் தவறினான். தவறியவர்கள் செப்டம்பர் பரீட்சைவரை ஹாஸ்டலில் தங்கிப் படிக்கலாம் என்று அங்கே ஒரு வழக்கம் இருந்தது. அதனால் 1936 ஜூனில் இருவரும் அதே ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்தார்கள்.

அந்த வருஷம் பன்னிரண்டு புதுப் பையன்கள். தம்பிதுரை தன் பழைய ஒன்பது பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தான். அவர்கள் இப்போது இரண்டாம் வருஷம்.

"எங்கய்யன் புது மாட்டப் பழக்கறப்பத் தனியாப் பூட்ட மாட்டாருங்க. வண்டி தெரிஞ்ச மாட்டோட ஜோடி போடுவாரு. பத்து நாள்ல அது தானா நடக்கும். நாமளும் ஒருத்தனுக்கு ஒருத்தன்னு ஜோடி போட்டுக்கலாம். பாடம், சோறு, சண்ட எல்லாத்துக்கும் அவனுக்கு நீ, உனக்கு அவன்."

ஒன்பது பேர் போதவில்லை. அலைந்து மூன்று பேரைச் சேர்த்தான். பன்னிரண்டு ஜோடி ஆயிற்று. கோபாலசாமிக்கு நரசிம்மலு என்று கண் சிமிட்டிக்கொண்டே பேசுகிற ஒரு பையன் வாய்த்தான்.

ஜூலை முதல் ஞாயிறு நெருங்கியது. திருமூர்த்தி எட்டுப் பேரைச் சேர்த்திருக்கிறான், ஹாக்கி மட்டைகளோடு வரப்போகிறான் என்று செய்தி வந்தது. வார்டனிடம் போய்ச் சொல்லலாம் என்றான் ஒருவன். தம்பிதுரை போனான். பையன்கள் விளையாட்டைப் பெரிதுபண்ண வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார் அவர். பிறகு ஜோடிகள் கூடிப் பேசி மூன்று தீர்மானம் செய்தார்கள். ஜோடியை விட்டு ஓடக் கூடாது. திருப்பி அடிக்கக் கூடாது. கிணற்றில் இறக்கினால் இரண்டு பேருமாக இறங்குவது.

ஞாயிறு காலை சாரல் பெய்துகொண்டிருந்தது. ஒன்பது பேர் வந்து ஒவ்வோர் அறையாகக் கதவைத் தட்டினார்கள். புதுப் பையன்கள் வெளியே வந்தார்கள். கூடவே ஜோடிகளும் கை கோத்துக்கொண்டு வந்தார்கள். கடைசியாகச் சேர்ந்த மூன்று பேரில் ஒருவன் மட்டும் மட்டைகளைப் பார்த்ததும் சமையற்கட்டு வழியாக ஓடிவிட்டான். அவனுடைய பையன் தனியாக நின்றான். தம்பிதுரை போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

கிணற்றடியில் திருமூர்த்தி கேட்டான்: "ஒரே கயித்துல தொங்குனோமே தம்பிதொர. மறந்துபோட்டியா?"

"மறக்காததுனாலதான் நிக்கறேன்."

"அக்கட்டால போடா. பழையவனுகள அடிக்கறதுக்கு நா வரல."

ஒருவரும் நகரவில்லை. முதல் மட்டை யாருடையது என்று பிறகு எவராலும் சொல்ல முடியவில்லை. ஒருவன் புருவம் கிழிந்தது. இன்னொருவனுக்கு முன்பல் போயிற்று. கோத்த கைகளைப் பிரிப்பதற்காக விரல்கள்மேல் அடித்தார்கள். விரல் நசுங்கியும் இரண்டு பேர் விடவில்லை. ஒரு ஜோடியை அப்படியே உருட்டிக் கிணற்றில் தள்ளினார்கள். இருவரும் ஒருவரையொருவர் இறுக்கிக்கொண்டே விழுந்து, படியைப் பிடித்து மேலே வந்து, பழையபடி வரிசையில் நின்றார்கள். அடித்தவர்களில் இரண்டு பேர் அதைப் பார்த்து மட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பின்வாங்கினார்கள். தம்பிதுரையின் தலையில் ரத்தம் வழிந்து ஒரு கண்ணை மூடியது. அதுவரை அவன் கை எழவில்லை.

திருமூர்த்தி நரசிம்மலுவைப் பிடித்து இழுத்தான். கோபாலசாமி விடவில்லை. திருமூர்த்தி மட்டையை ஓங்கி, அந்தக் கோணல் கையின்மேல், ஒட்டிய இடத்தில் பார்த்து இறக்கினான். கோபாலசாமி கத்தினான். போன வருஷம் அவன் கத்தியிருக்கவில்லை.

தம்பிதுரை எப்போது பாய்ந்தான் என்பது அவனுக்கே தெரியாது. திருமூர்த்தியின் மட்டை இரண்டாக ஒடிந்து கிடந்தது. திருமூர்த்தி அவன் கைகளுக்குள், தலைக்கு மேலே இருந்தான். சோள மூட்டை கனம்கூட இல்லை. அந்தச் சந்தோஷம் மறுபடியும் வந்தது. இரண்டு தோளிலும் வெந்நீர் ஊற்றியதுபோல இறங்கியது. "வேண்டாங்க! தம்பிதொரண்ணா, வேண்டாங்க!" என்று கோபாலசாமி கூப்பிட்டது இடது பக்கத்திலிருந்து. தம்பிதுரைக்கு அது விழவில்லை. விழுந்திருந்தாலும் நிறுத்தியிருப்பானா என்று பின்னாளில் அவனையே கேட்டால், தெரியாது என்றுதான் சொல்லுவான்.

தூக்கிக் கிணற்றுக்குள் எறிந்தான்.

கேட்டது தண்ணீர்ச் சத்தம் அல்ல. திருமூர்த்தி கல்படியில் இடுப்பு மோதி, அங்கிருந்து தண்ணீருக்குள் சரிந்தான். ஒரு நொடி எல்லோரும் மரமாக நின்றார்கள். தம்பிதுரைதான் முதலில் குதித்தான். அடியில் துழாவித் தலைமயிரைப் பிடித்து இழுத்து, படியில் ஏற்றித் தோளில் போட்டுக்கொண்டு மேலே வந்தான். திருமூர்த்தியின் வலது கால் சொன்னபேச்சுக் கேட்காமல் தொங்கியது. அவன் கண் திறந்து பார்த்தான்.

மறுநாள் பிரின்ஸ்பால் விசாரித்தார். புதுப் பையன்கள் பன்னிரண்டு பேரும், ஜோடிகள் அத்தனை பேரும், அடிக்க வந்தவர்களில் பாதிப் பேருமே ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: மழை ஈரம், வழுக்கிவிட்டது. நரசிம்மலு சத்தியமே செய்தான். கோபாலசாமி கையில் புதுக் கட்டோடு நின்று அதையே சொன்னான். கடைசியாகத் தம்பிதுரையைக் கூப்பிட்டார்கள்.

"வழுக்கலீங்க. நான்தாந் தூக்கிப் போட்டேன். போன வருசம் கோபாலசாமி கை ஒடிஞ்சதும் வழுக்குனதில்லீங்க. அதுவும் நான்தான். வழுக்கிருச்சு வழுக்கிருச்சுன்னு சொல்லியே இத்தன வருசம் போயிருச்சுங்க."

குளிப்பாட்டு என்ற சொல் அன்றுதான் அந்த அறையில் முதல்முறையாகச் சொல்லப்பட்டது. பிரின்ஸ்பால் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். திருமூர்த்தியையும் அவன் கூட்டத்தில் நாலு பேரையும் நீக்கினார். தம்பிதுரையையும் நீக்கினார். செப்டம்பர் பரீட்சை எழுதவும் அனுமதி இல்லை. கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுந்தது.

வீட்டுக்கு வந்து பத்தாவது நாள், காங்கேயம் சந்தையில் திருமூர்த்தியின் அண்ணன்மார் மூன்று பேர் தம்பிதுரையை வழிமறித்தார்கள்.

"எந்தம்பி இனி நேரா நடக்க மாட்டான். தெரியுமாடா உனக்கு?" என்றான் மூத்தவன்.

"தெரியுங்க."

மாட்டுச் சந்தை நடுவில், ஜனங்கள் பார்க்கப் பார்க்க, அவனை அடித்தார்கள். காலால் உதைத்தார்கள். சாட்டைக் கம்பால் முகத்தில் அடித்தார்கள். இரண்டு பல் விழுந்தது, விலா எலும்பு விரிசல் விட்டது. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். விழுந்தபோது எழுந்து மறுபடி நின்றான். இளையவன்தான் முதலில் அடிப்பதை நிறுத்தி, அண்ணன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அய்யன் செய்தி கேட்டு ஓடி வந்து, புழுதியில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தார்.

"கை இல்லியாடா உனக்கு? ஏண்டா திருப்பி அடிக்கலே?"

"கை இருக்குதுங்கய்யா. அதுதானுங்க பயம்."

அய்யனுக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்குமேல் கேட்கவில்லை. வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். திருமூர்த்தியைப் பார்க்கத் தம்பிதுரை மூன்று முறை உடுமலைக்குப் போனான். முதல் இரண்டு முறையும் திருமூர்த்தி அவனை வாசலைத் தாண்டவிடவில்லை. மூன்றாவது முறை, வாய் கொப்பளித்துத் துப்பிய ஒரு செம்புத் தண்ணீர் முகத்தில் விழுந்தது. அதற்குப் பிறகு போகவில்லை. அந்த உறவு அதோடு முடிந்தது.

காங்கேயத்தில் ஒரு பஞ்சு அரவை ஆலையில், பருத்தி மூட்டைகளை நிறுத்து இறக்குகிற வேலைக்குச் சேர்ந்தான். 1937 வைகாசியில் சாந்தாமணியைக் கட்டிக்கொண்டான். யார் மேலும் கை வைக்காதவன் என்று ஊரில் பெயர். ஆலையில் சண்டை மூண்டால் அவன் மட்டும் எழுந்து தூரப் போய் நிற்பான். பயந்தாங்கொள்ளி என்று சிரித்தார்கள். அவன் மறுக்கவில்லை.

1938 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோபாலசாமி அவனைத் தேடி வந்தான். இன்டர் தேறி, பீளமேட்டில் ஒரு மில் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தான். ஜோடி போடுவது மூன்றாவது வருஷமாக ஹாஸ்டலில் நடந்துகொண்டிருக்கிறது என்று அவன் மூலம் தம்பிதுரைக்குத் தெரியும். இந்த முறை அவன் முகம் சரியாக இல்லை.

"ஒரு ஜோடியில பெரியவன் சின்னவன அடிச்சுப்போட்டானுங்கண்ணா. ஒதடு கிழிஞ்சு போச்சு. பொங்கியண்ணன்னு பேரு, நல்ல பையன்தான். கணக்குச் சொல்லிக் குடுக்கறப்ப அடிச்சுட்டான். ஜோடியே வேண்டாம், எல்லாத்தையும் கலச்சுப்போடலாம்னு பாதிப் பேரு சொல்றாங்க. அவன மட்டும் வெளிய தள்ளலாம்னு பாதிப் பேரு."

"அடி வாங்குனவன் என்ன சொல்றான்?"

"அவனை யாரும் கேக்கலீங்க."

தம்பிதுரை உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். சாந்தாமணி வாசலுக்கு வந்து, "ஏனுங்க, எங்க கெளம்பிட்டீங்க? சோறு ஆறுதுங்க" என்றாள். "கோயமுத்தூரு வரைக்கும் போயிட்டு வாரேன் அம்மணி" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான். இருவரும் பஸ் பிடித்தார்கள்.

நீக்கப்பட்டவன் ஆகையால் ஹாஸ்டல் வளவுக்குள் அவன் நுழையக் கூடாது. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். கோபாலசாமி போய் இருவரையும் கூட்டி வந்தான். அடி வாங்கியவன் தாராபுரத்துப் பையன் ரசாக். உதடு வீங்கி, காய்ந்த ரத்தம் கறுத்திருந்தது. பொங்கியண்ணன் பத்தடி தள்ளித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"எதுக்கு அடிச்சே?" என்று தம்பிதுரை அவனைக் கேட்டான்.

"ஒரே கணக்க மூணு தடவ சொன்னனுங்க. புரியலே புரியலேன்னான். கை தானா எந்திரிச்சிருச்சுங்க."

"தானா எந்திரிக்காது. நல்லா இருந்துதா, அடிக்கறப்ப?"

பொங்கியண்ணன் திடுக்கிட்டு நிமிர்ந்தான். பிறகு, "ஆமாங்க" என்றான். சொன்னதும் அழத் தொடங்கினான்.

தம்பிதுரை அவனைத் தேற்றப் போகவில்லை. ரசாக் பக்கம் திரும்பினான். "உனக்கு என்ன வேணும் ரசாக்? ஜோடிய மாத்தோணுமா? இவன் வெளிய போகோணுமா? பிரின்ஸ்பால்கிட்டச் சொல்லோணுமா? எதுன்னாலும் சொல்லு. நா கூட நிக்கறேன்."

ரசாக் வீங்கிய உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"மெஸ்ஸுல எல்லாரும் இவரு கட்சி, என் கட்சின்னு பேசிட்டே இருக்காங்க. எனக்கு அந்தக் கணக்கு இன்னும் புரியலீங்க" என்றான். "நாலாந்தடவ கேக்கோணும். இவருகிட்டயேதான் கேக்கோணும். அடிக்காமச் சொல்லட்டும். மறுபடி கை எந்திரிச்சா, நானே பிரின்ஸ்பால்கிட்டப் போயிருவனுங்க."

பொங்கியண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஒரு வேப்பங்குச்சியை எடுத்து மண்ணில் எண்களை எழுதினான். நாலாவது தடவையும் ரசாக்குக்குப் புரியவில்லை. பொங்கியண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. தம்பிதுரை அருகே குந்தி உட்கார்ந்து, அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பொங்கியண்ணன் இடது கையை எடுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு, எழுதியதை அழித்துவிட்டு, வேறு வழியாக மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

ஆறாவது தடவையில் ரசாக் "இருங்க, இருங்க" என்று சொல்லிக் குச்சியைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். மூன்று வரி எழுதினான். விடை சரியாக இருந்தது. ஒருவரும் கைதட்டவில்லை. அடுத்த கணக்கை எழுதச் சொன்னான் அவன்.

தம்பிதுரை எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். கோபாலசாமி சாலைவரை கூட வந்தான். காங்கேயம் போகிற மூன்றரை மணி பஸ் ஏற்கனவே முக்கால்வாசி நிறைந்திருந்தது. பின்வரிசையில் ஒரு கோழிக்கூடையை நகர்த்தி வைத்துவிட்டுத் தம்பிதுரை உட்கார்ந்தான்.